சிறையைப் பெரிதாகக் கட்டுவதற்கு முன்: உள்துறைச் செயலாளருக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர், உள்துறை, தமிழ்நாடு அரசு, சென்னை

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

மதுரை மத்திய சிறையை அரசரடியிலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுபோகும் திட்டம் பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. இடையபட்டியில் இடம் என்றார்கள். வெள்ளிமலைக் காட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். எந்த இடம் என்பதைப் பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. அரசரடிச் சிறை வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சுற்றிலும் வீடும் கடையும் நெருக்கிவிட்டன, மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். புதுச் சிறையில் எத்தனை பேரை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறீர்களே, இன்றைக்கு உள்ளே இருக்கிறவர்களில் எத்தனை பேர் அங்கே இருக்கவே வேண்டியதில்லை என்ற கணக்கையும் போட்டீர்களா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு கோர்ட் வாசலில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்துகொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு, நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லும் மனு, ஜாமீன்தாரரின் ஆதார், வீட்டு வரி ரசீது, பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் என் மெஷின் கண்ணாடியில் படுத்து எழுந்துதான் நீதிபதியின் மேசைக்குப் போகின்றன. சட்டம் படித்தவர்களுக்குப் பிரிவு எண் தெரியும். எந்தக் காகிதம் இல்லாததால் யார் வீட்டுப் பையன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்பது கடையில் நிற்கிற எனக்குத் தெரியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம், உசிலம்பட்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 19. வயற்காட்டுக் கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துச் செம்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் போட்டான் என்று வழக்கு. மதிப்பு நாலாயிரம் சொச்சம். உள்ளே போன பிறகு, அதே வட்டாரத்தில் முன்பு காணாமல் போயிருந்த ஒயர் வழக்கு ஒன்றையும் அவன் பெயரில் சேர்த்தார்கள். சில வாரத்தில் இரண்டு வழக்கிலும் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், சொத்துக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று உத்தரவு.

அவன் அம்மா உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏந்தாயி, ஜாமீன் குடுத்துட்டாகன்னா ஏன் இன்னும் விடமாட்டேங்குறாக?" என்று என்னிடம் கேட்டார். அவர் குடியிருப்பது கண்மாய்ப் புறம்போக்கில். பட்டா கிடையாது, வீட்டு வரி ரசீது கிடையாது. அந்த அம்மாவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வாடகை வீடு, வேலையை விட்டுவிட்டு வந்தால் சம்பளம் போகும். அவர் வந்தபோதும் சொத்து வேறு மாவட்டம், வேறு ஆள் பாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். சொத்து என்று அவர் காட்டியதே மாமனார் வீட்டு ரசீதுதான், அது வேறு கதை. காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கும் ஆட்கள் கோர்ட் வாசலில் உண்டு. அவர்கள் கேட்கிற தொகைக்கு அந்த அம்மா ஆட்டைத்தான் விற்க வேண்டும், ஆடும் ஏற்கெனவே வக்கீல் பீஸுக்குப் போய்விட்டது.

தீபாவளி போனது. பொங்கலும் போனது. ஜாமீன் கிடைத்தவன் உள்ளேயே இருந்தான். கடைசியில் யாரோ யோசனை சொல்ல, இரண்டு வழக்கிலும் குற்றத்தை ஒத்துக்கொண்டான். இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டான். செய்யவில்லை என்று சொன்ன வரைக்கும் சிறை, செய்தேன் என்று சொன்னதும் வீடு. இரண்டாவது வழக்கை அவன்தான் செய்தானா என்று விசாரிக்க யாருக்கும் அவசியமே ஏற்படவில்லை.

தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரு ஓட்டம் படித்துப் பார்த்தேன். வயது 19 என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் (சிறைக்குப் பதிலாக நன்னடத்தையின் பேரில் வெளியே விட வழிசெய்யும் சட்டம்) 6-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகாத குற்றத்தில் 21 வயது நிரம்பாத ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்தால், நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரிடம் (புரொபேஷன் ஆபிசர்) அந்த ஆளைப் பற்றி அறிக்கை கேட்க வேண்டும், வேறு வழி ஏன் ஒத்துவராது என்று காரணமும் எழுத வேண்டும். அந்தத் தீர்ப்பில் அறிக்கை என்ற பேச்சே இல்லை. அரசுத் தரப்பு வக்கீல் நினைவுபடுத்தவில்லை, பையனின் வக்கீலும் கேட்கவில்லை. இது ஒரு நீதிமன்றத்தில் ஒரு நாள் நடந்த கவனக்குறைவு என்றால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். என் கடைக்கு வருகிற தீர்ப்பு நகல்களில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை என்ற வரியைப் பார்ப்பதே அபூர்வமாக இருக்கிறது.

இனி நாட்டுக் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. 2001-ல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 3.13 லட்சம். 2014-ல் 4.18 லட்சம். 2022 முடிவில் 5.73 லட்சம். அந்த வருஷம் நாட்டுச் சிறைகளில் இருந்த இடமே 4.36 லட்சம் பேருக்குத்தான், அதாவது நூறு பேர் இடத்தில் 131 பேர். இந்த 5.73 லட்சத்தில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாதவர்கள். 2014-ல் நூற்றுக்கு 67 பேர் அப்படி இருந்தார்கள், 2022-ல் 75-ஐத் தாண்டிவிட்டது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மற்ற பல நாடுகளைவிட நாம் சிறைக்கு அனுப்புவது குறைவுதான். ஆனால் உள்ளே இருக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். உள்ளே இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டா இல்லாத வீடுகள் யாருடையவை என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

தமிழ்நாட்டில் நெரிசல் இல்லையே என்று உங்கள் அலுவலகம் பதில் எழுதும். உண்மைதான். நம் மாநிலத்துச் சிறைகளில் மொத்தமாகப் பார்த்தால் இடத்தைவிட ஆள் குறைவு. உத்தரப்பிரதேசம் மாதிரி, டெல்லி மாதிரி ஒருவர்மேல் ஒருவர் படுக்கிற நிலைமை இல்லை. அதற்காக யாரை அடைக்கிறோம் என்ற கேள்வி இல்லாமல் போய்விடுமா? தடுப்புக் காவலில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் முன்னால் நிற்பதும் நம் மாநிலம்தான். குண்டாஸ் போட்டால் ஒரு வருஷம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இடம் காலியாக இருப்பதால்தான் அவசரமில்லை என்ற மெத்தனம் வருகிறது என்று எனக்குப் படுகிறது. இன்னும் பெரிய சிறையைக் கட்டினால் அந்த மெத்தனமும் கூடத்தான் செய்யும்.

உச்ச நீதிமன்றம் சொல்லாதது ஒன்றும் பாக்கி இல்லை. 1978-லேயே, ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்ட வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வெளுத்து வாங்கினார். மோதிராம் வழக்கு. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு உடனே கைது செய்யாதே, காரணத்தை எழுது என்றார்கள். 2023 ஜனவரியில் இன்னும் தெளிவாகவே சொன்னார்கள்: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே போகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. அந்த அம்மாவின் தம்பியைத் திருப்பி அனுப்பியது இதற்கெல்லாம் பிறகு.

2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்தன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்திருந்தால் விட்டுவிடு என்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல பிரிவு. ஆனால் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒரு வருஷம். நாலாயிரம் ரூபாய் ஒயருக்கு ஒரு வருஷம் இருந்த பிறகுதான் இந்தச் சலுகை. அதிலும், ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் அந்தக் கதவும் அடைபடும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் பெயரில் இன்னொரு பழைய வழக்கைச் சேர்ப்பது ஸ்டேஷனில் எவ்வளவு சுலபம் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததா?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அதே நாளில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையாகவே சேர்த்தது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல் தடவை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. என் பையனின் (என் பையன் என்றே எழுத வந்துவிட்டது, இருக்கட்டும்) முதல் வழக்குக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும். ஒயர் பறிகொடுத்த சம்சாரியும் என் கடைக்கு ஒரு நகல் எடுக்க வந்திருந்தார். "அவன உள்ள வச்சு எனக்கு என்ன ஆகப்போகுது, ஒயருக்குக் காசு வந்தா தண்ணி பாச்சுவேன்" என்றார். பையனை வெளியே விட்டு, கூலியில் பிடித்து ஒயருக்குக் காசு கொடுக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலம் வெட்ட வைத்திருந்தால் அந்தச் சம்சாரிக்குக் காசாவது கிடைத்திருக்கும். இப்போது அவருக்கும் ஒன்றும் இல்லை. பையனோ பழைய குற்றவாளி ஆகிவிட்டான். இன்னொரு வழக்கில் பெயர் வந்தால் 479-ல் முதல் தடவைச் சலுகை கிடையாது, சமூக சேவையும் கிடையாது. ஜாமீன் நிற்க ஆள் இல்லாததால் ஒத்துக்கொண்ட ஒரு வார்த்தை ஆயுசுக்கும் கூடவே வருகிறது. நன்னடத்தைச் சட்டத்தில் விட்டிருந்தால், அதன் 12-ஆம் பிரிவின்படி, தண்டனை பெற்றவருக்கு வரும் தகுதியிழப்பு அவனுக்கு வந்திருக்காது.

சிறைக்கு வெளியே வைத்துத் திருத்துவது என்று பேசினாலே வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பது போலப் பார்க்கிறார்கள். நம் மாகாணத்துக்கு அது புதிதே இல்லை. மத்திய அரசு 1958-ல் சட்டம் போடுவதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னாலேயே, 1936-ல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நன்னடத்தைச் சட்டம் கொண்டுவந்தது. பக்கத்தில் கேரளாவில் கிருஷ்ணய்யரின் பிறந்த நாளான நவம்பர் 15-ஐ நன்னடத்தை தினமாகவே அனுசரிக்கிறார்கள். நாம் முந்தி ஆரம்பித்தும், நன்னடத்தை அலுவலர் என்றால் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று என் கடைக்கு வரும் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சில ஜூனியர் வக்கீல்களே முழிக்கிறார்கள்.

சரி, வெளியே விடப்பட்டவர்களை இங்கே எப்படிக் கவனிக்கிறோம்? கையெழுத்து. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், மறு உத்தரவு வரும் வரை. நம் ஊரில் சிறைக்கு வெளியே இருக்கிற ஒரே திருத்த முறை இதுதான். இதனால் யார் திருந்தினார்கள் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு விடியற்காலையில் ஆரம்பித்த வேலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பெயின்டருக்கும் சித்தாளுக்கும் 10.30 மணி என்பது நடுவேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அரை நாள் கூலிகூடக் கிடையாது, "நாளையிலிருந்து வராத" என்று மேஸ்திரி சொல்லிவிடுவார். சிலருக்கு இன்னும் மோசம். சொந்த ஊரில் இருக்கக் கூடாது, வேறு ஊரில் தங்கி அங்கே கையெழுத்துப் போடு என்று உத்தரவு. லாட்ஜுக்குக் காசு ஏது? பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து கையெழுத்துப் போட்டவர்களுக்கு நான் மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஸ்டேஷனில், எழுத்தர் வரவில்லை, இன்ஸ்பெக்டர் வரட்டும் என்று மத்தியானம் வரைக்கும் உட்கார வைப்பது வழக்கமாகவே இருந்தது. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம், அதற்கு மறுபடி வக்கீல், மறுபடி பீஸ். இரண்டு நாள் போகாவிட்டால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்வார்கள். வேலை போன கையோடு பழைய கூட்டாளிகளிடம் திரும்பிப் போனவர்களையும் எனக்குத் தெரியும்.

இந்த மண்ணில் கையெழுத்தும் கைரேகையும் வெறும் நடைமுறை இல்லை என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததற்காகப் பெயரைப் பதிந்து, ரேகை வாங்கி, ராத்திரியில் ஆஜர் ஆகச் சொல்லி, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கச் சொன்னார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் போனது. 2024 அக்டோபரில்கூட உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளை அடித்துப் போட்டபோது, சீர்மரபினரை (ரேகைச் சட்டத்தில் பெயர் இருந்த சாதியாரை) பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழைய பார்வை சிறைக் கையேடுகளில் இன்னும் உட்கார்ந்திருப்பதைக் கண்டித்துத்தான் பேசியது. ஆகவே, சிறைக்கு மாற்று வேண்டும் என்று கேட்கிற நானே இதையும் சொல்கிறேன்: மாற்று என்ற பெயரில் காலில் கருவியை மாட்டி விடுவது, போன் இருக்குமிடத்தை ஸ்டேஷனுக்குக் காட்டச் சொல்வது இதெல்லாம் வேண்டாம். போலீஸ் எந்நேரமும் ஆள் இருக்குமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஜாமீன் நிபந்தனை போடக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. போலீஸ்காரர் கண்காணிப்பதும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து வேலை கிடைத்ததா, குடிக்கிறானா, அம்மாவுக்குச் சோறு போடுகிறானா என்று பார்ப்பதும் ஒன்றாகாது.

வெளியே விட்டால் ஊர் கெட்டுவிடும் என்பவர்களுக்குக் கொரோனா காலத்தை நினைவுபடுத்துகிறேன். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் மாநிலங்களெல்லாம் குழு அமைத்து, ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் இருந்தவர்களை இடைக்கால ஜாமீனில் விட்டன. அன்றைக்கு யாரிடமும் பட்டா கேட்டு மாதக்கணக்கில் நிற்க வைக்கவில்லை. ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதே வருஷம் ஜூனில், ஊரடங்கில் கடை திறந்திருந்த விவகாரத்தில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் பிடித்து, ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பி, இருவரும் செத்தார்கள். அந்த வழக்கு விசாரணை எங்கள் மதுரையில்தான் நடந்தது. ஒரு ரிமாண்ட் கையெழுத்து யோசிக்காமல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கொலை செய்தவரையும் குழந்தைகளிடம் தப்பாக நடந்தவரையும் வெளியே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருப்பதே அலுப்பாக இருக்கிறது.

நீதிமன்றத்துக்கு உத்தரவு போட உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் போலீஸ் உங்கள் துறை, சிறை உங்கள் துறை, நன்னடத்தை அலுவலர்கள் சிறைத் துறையோடு இருக்கிறார்கள், கிரிமினல் கோர்ட்டில் அரசுத் தரப்பில் நிற்கிற வக்கீல்களும் உங்கள் பேச்சைக் கேட்கிறவர்கள். அதனால் உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

மதுரை மத்திய சிறையிலும் அதைச் சேர்ந்த கிளைச் சிறைகளிலும் ஜாமீன் கிடைத்தும் வெளியே போகாதவர்கள் எத்தனை பேர், என்ன காகிதம் இல்லாததால் நிற்கிறார்கள் என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஏழு நாள் தாண்டியவர்களின் பட்டியல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறதா என்று சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏழை விசாரணைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பணம் கட்ட மத்திய அரசின் திட்டம் 2023-லிருந்து இருக்கிறது. கலெக்டர் இருக்கிற மாவட்டக் குழுதான் முடிவு செய்கிறது. சிக்கல் என்னவென்றால், இங்கே நீதிமன்றங்கள் கேட்பது ரொக்கம் இல்லை, சொத்து வைத்திருக்கிற ஆள். ஜாமீன்தாரருக்குப் பதிலாகப் பணம் கட்ட அனுமதிக்கச் சட்டத்தில் வழி உண்டு. அந்த வழியில் மனுப் போட்டு இந்த நிதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதைவிடச் சுலபமானது, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வழக்கில் சொந்தப் பிணையில் (ஜாமீன்தாரர் இல்லாமல் தன் உறுதியிலேயே) விடும்படி ஒருவர் கேட்டால் அரசுத் தரப்பு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. இதற்குச் செலவும் கிடையாது.

நன்னடத்தை அலுவலர் பணியிடம் மாநிலத்தில் எத்தனை, மதுரை மாவட்டத்துக்கு எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை என்று வெளியிட்டு, காலியாக இருப்பதை நிரப்புங்கள். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் நீதிமன்றங்களில் அவருக்கு ஒரு மேசையும் வெளியே ஒரு போர்டும் வையுங்கள். 21 வயது நிரம்பாதவர் வழக்கில் தண்டனை பற்றிப் பேச்சு வரும்போது, அறிக்கை கேட்கப்பட்டதா என்று நீதிமன்றத்துக்கு நினைவுபடுத்துவது அரசு வக்கீலின் கடமை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சமூக சேவைக்கு மாவட்ட வாரியாக இடங்களின் பட்டியல் தயார் செய்து நீதிமன்றங்களுக்குக் கொடுங்கள். கண்மாய், அரசு ஆஸ்பத்திரி, பள்ளி நூலகம், மரக்கன்றுப் பண்ணை என்று எவ்வளவோ இருக்கிறது. சாக்கடை, கக்கூஸ் வேலை கூடவே கூடாது. அது யார் தலையில் போய் விழும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைப்பது, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது இதற்கெல்லாம் தடை போடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு விடுமுறை நாளில் வேலை கொடுங்கள்.

தினசரிக் கையெழுத்து வேண்டும் என்று போலீஸ் தரப்பு கேட்பதை நிறுத்தட்டும். விசாரணைக்கு உண்மையிலேயே ஆள் தேவை என்றால் வாரம் ஒரு நாள், வேலை முடிந்த பிறகு சாயங்காலத்தில் கேட்கட்டும். ஸ்டேஷன் இருபத்து நாலு மணி நேரமும் திறந்துதானே இருக்கிறது. கையெழுத்துப் போட வந்தவரை உட்கார வைத்தால் யார் பொறுப்பு என்பதையும் சொல்லுங்கள்.

புதுச் சிறையைப் பொறுத்தவரை, மேலே கேட்ட எண்ணிக்கைகளை வெளியிட்ட பிறகு, அவர்களைக் கழித்துவிட்டு மீதிக்குக் கட்டுங்கள். இன்னொன்று. தேனிப் பக்கத்திலிருந்து மனுப் பார்க்க, அதாவது உள்ளே இருக்கிற மகனைப் பார்க்க, வருகிற ஒரு அம்மா இப்போது ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அரசரடிக்கு நடந்தே வந்துவிடலாம். ஊருக்கு வெளியே கொண்டுபோனால் அவருக்கு இன்னொரு பஸ், இன்னொரு டிக்கெட், ஒரு நாள் கூலி. சிறை திறக்கிற அன்றே ஆரப்பாளையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் மனுப் பார்க்கும் நேரத்துக்கு டவுன் பஸ் விடுவதைத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

இந்த மடலின் நகலை மதுரை மாவட்ட ஆட்சியருக்கும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முப்பது நாளுக்குள் எழுத்து மூலம், தமிழில் பதில் வேண்டும். எண்ணிக்கைகள் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மனுப் போடுவேன். டைப்பிங் செலவு எனக்கு இல்லை.

இப்படிக்கு,
கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்,
மதுரை மாவட்டம்.